மரத்தை உண்ணும் குளம்புக் காளான்: ஓர் எளிய அறிமுகம்

மத்திய ஐரோப்பாவின் பீச் (beech) மரக் காடுகளில், விழுந்து சில ஆண்டுகளான பெருமரம் ஒன்றைச் சுற்றிவந்து பார்த்தால், அதன் தண்டில் ஒரே இனத்தைச் சேர்ந்த காளான் இரண்டு திசைகளில் வளர்ந்திருப்பது கண்ணில் படும். சில காளான்கள், அலமாரியில் அடுக்கிய புத்தகங்களைப் போலச் செங்குத்தாக நிற்கும். இவை பெரியவை, பழையவை, மேற்புறம் சாம்பல் நிறமுடையவை. வேறு சில, சுவரில் அடித்த பலகை போலத் தரைக்கு இணையாக நீண்டிருக்கும். இவை சிறியவை, ஓரம் இன்னும் வெளிர்ப் பழுப்பாக இருப்பவை. ஒரே மரத்தில், ஒரே காளான் ஏன் இப்படி இரண்டு விதமாக வளர்கிறது என்ற கேள்விக்கு விடை காண்பதற்குள், காளான் என்றால் என்ன, அது எங்கே வாழ்கிறது, எதை உண்கிறது என்பனவெல்லாம் தாமாகவே விளங்கிவிடும். ஆகவே அந்தக் கேள்வியைச் சற்று நேரம் அப்படியே வைத்துக்கொள்வோம்.

இதன் அறிவியல் பெயர் ஃபோமெஸ் ஃபோமென்டேரியஸ். குளிர்நாட்டு மரங்களில் வளர்வது என்பதால் தமிழ் வழக்கில் இதற்குப் பெயர் அமையவில்லை. மரத்தின் பக்கவாட்டில் குதிரைக் குளம்பை ஒட்டவைத்தது போன்ற வடிவம் கொண்டிருப்பதால் இக்கட்டுரையில் இதைக் குளம்புக் காளான் என்று அழைப்போம். ஐரோப்பாவிலும் ஆசியாவின் குளிர்ந்த பகுதிகளிலும் பீச், பிர்ச் மரங்களே இதன் முதன்மையான இருப்பிடம். பாப்ளர் வகை மரங்களிலும் ஓக், மேப்பிள் முதலியவற்றிலும் காணப்படுவதுண்டு. பிர்ச் என்பது நமக்கு முற்றிலும் அந்நியமான மரம் அன்று. வடமொழி ஏடுகள் எழுதப்பட்ட பூர்ஜபத்திரம், இமயமலையில் வளரும் பிர்ச் வகை ஒன்றின் பட்டையே.

குடையும் காம்புமாக மழைக்குப் பின் முளைத்து இரண்டு நாளில் சுருங்கிவிடும் காளானையே நாம் பெரும்பாலும் அறிந்திருக்கிறோம். குளம்புக் காளானுக்குக் காம்பு கிடையாது, குடை கிடையாது, அது இரண்டு நாளில் சுருங்குவதுமில்லை. அகலம் 5 சென்டிமீட்டரிலிருந்து 45 சென்டிமீட்டர் வரை போகும். தடிமன் 25 சென்டிமீட்டரை எட்டுவதுண்டு. ஒரே காளான் பல ஆண்டுகள், சில வேளைகளில் 30 ஆண்டுகள் வரைகூட, அதே மரத்தில் ஒட்டிக்கொண்டு வளரும். மேற்புறம் தட்டினால் ஓசை எழும் அளவுக்குக் கெட்டியான ஓடு. அந்த ஓட்டில் வளையம் வளையமாக மேடும் பள்ளமும். கையால் பிடுங்க முயன்றால் வராது. கோடரியோ ரம்பமோ வேண்டும்.

உண்ணலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே சொல்லில் விடை சொல்லிவிடலாம்: ஆகாது. நஞ்சு என்பதற்காக அன்று; கடிக்கவே முடியாது என்பதற்காக. எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் மரக்கட்டையை மெல்வது போலத்தான் இருக்கும், சுவையும் காறலானது.

கண்ணில் படுவது காய் மட்டுமே

தொடக்க நிலையில் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இது ஒன்றுதான்: மரத்தின் மேல் நாம் பார்க்கும் குளம்பு, காளானின் முழு உடல் அன்று. மாங்காயைப் பறித்துக் காட்டி இதுதான் மாமரம் என்று சொன்னால் எப்படியோ, குளம்பைக் காட்டி இதுதான் அந்தப் பூஞ்சை என்று சொல்வதும் அப்படியே. உண்மையான உடல், மரத்துக்குள்ளே, கட்டையின் இழைகளுக்கு இடையில், கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணிய நூல்களாகப் பரவிக் கிடக்கிறது. இந்த நூல் ஒவ்வொன்றும் பூஞ்சை இழை. இழைகள் பின்னிப் பிணைந்த தொகுதியை மைசீலியம் என்பர். மாமரத்துக்கு வேரும் தண்டும் கிளையும் எதுவோ, பூஞ்சைக்கு மைசீலியம் அதுவே. ஆண்டுக் கணக்கில் உள்ளே உண்டு வளர்ந்து, போதிய அளவு சேர்த்துக்கொண்ட பிறகே, இனம் பெருக்குவதற்காக அது வெளியே ஒரு காயை நீட்டுகிறது. அதனால், தண்டில் முதல் குளம்பு தென்படும் நாள், பூஞ்சை மரத்துக்குள் நுழைந்த நாளுக்கு வெகு காலம் பிந்தியது.

குளம்பின் வேலை வித்துகளைப் பரப்புவது. அதன் அடிப்பக்கத்தைத் திருப்பி உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், ஊசியால் குத்தியது போன்ற வட்டத் துளைகள் நெருக்கமாகத் தெரியும். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இரண்டு முதல் நான்கு துளைகள் இருக்கும். மூன்று என்று வைத்துக்கொண்டால்கூட, விரல் நகத்தின் பரப்பளவுள்ள ஒரு சதுர சென்டிமீட்டரில் 900 துளைகள். ஒவ்வொரு துளையும் மேல்நோக்கிச் செல்லும் மெல்லிய குழாயின் வாய். அந்தக் குழாயின் உட்சுவரில்தான் வித்துகள் விளைகின்றன. வித்து ஒன்றின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. நன்கு வளர்ந்த குளம்பு ஒன்று மணிக்கு 88 கோடிக்கும் மேற்பட்ட வித்துகளைக் கொட்டுவதாக அளந்திருக்கிறார்கள். நொடிக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ இரண்டரை லட்சம். இவ்வளவு கொட்டியும் பிழைப்பவை மிகச் சிலவே என்பதை, காட்டில் பெரும்பாலான மரங்கள் இன்னும் நின்றுகொண்டிருப்பதிலிருந்தே அறியலாம்.

வித்து வெளியேறும் முறையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். குழாயின் சுவரிலிருந்து வித்து மெல்ல உந்தப்படுகிறது. எதிர்ச்சுவரில் மோதிவிடாத அளவுக்கு, மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு தூரமே அது பக்கவாட்டில் பாய்கிறது. அதன்பின் தன் எடையால் நேரே கீழே விழுந்து, துளை வாய் வழியே வெளியேறிக் காற்றில் கலக்கிறது. குழாய் தூக்குக்குண்டு பிடித்தது போல நேர்செங்குத்தாக நின்றால்தான் இது நடக்கும். கொஞ்சம் சாய்ந்தாலும் வித்து சுவரில் ஒட்டிக்கொண்டு வீணாகும். எனவே எந்தப் பக்கம் கீழ் என்பதை அறிந்து, குழாய்களைச் சரியாக அந்தத் திசையில் வளர்ப்பது இந்தக் காளானுக்கு வாழ்வா சாவா என்ற பிரச்சினை.

இப்போது விழுந்த மரத்துக்குத் திரும்பலாம். மரம் நின்றபோது முளைத்த குளம்புகள், அன்றைக்குத் தரைக்கு இணையாகவே இருந்தன. அவற்றின் குழாய்கள் கீழ்நோக்கியே இருந்தன. மரம் சாய்ந்ததும் அவையும் அதனுடன் திரும்பிச் செங்குத்தாகிவிட்டன. குழாய்கள் பக்கவாட்டில் படுத்துவிட்டன. மரம் விழுந்ததால் உள்ளேயிருக்கும் மைசீலியம் சாகவில்லை. அது உண்டுகொண்டேதான் இருக்கிறது. ஆகவே அது கிடைமட்டமான புதிய குளம்புகளை நீட்டுகிறது. சில இடங்களில் பழைய குளம்பின் விளிம்பிலிருந்தே புதிய வளர்ச்சி தொடங்கி, முன்னைய திசைக்கு நேர்க்கோணத்தில் திரும்பியிருப்பதையும் பார்க்கலாம். பழகிய கண்ணுக்கு இது ஒரு நாட்குறிப்பு. செங்குத்தாக நிற்பவை மட்டும் இருந்தால் மரம் விழுந்து வெகு காலம் ஆகவில்லை. கிடைமட்டமானவை பெரிதாக இருந்தால் விழுந்து பல ஆண்டுகள் ஆகின்றன. கிடைமட்டமானவை மட்டுமே இருந்தால் மரம் விழுந்த பிறகே காளான் காய்க்கத் தொடங்கியது.

ஆண்டுதோறும் குளம்பின் அடியில் புதிய குழாய் அடுக்கு ஒன்று சேர்கிறது. அதன் உயரம் 2 முதல் 7 மில்லிமீட்டர். ரம்பத்தால் நெடுக்காக அறுத்தால், துருநிறக் குழாய் அடுக்குகள் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தெரியும். மேலே கெட்டி ஓடு, கீழே குழாய் அடுக்குகள், இரண்டுக்கும் நடுவே மெத்தென்ற, பதனிட்ட மான்தோல் போன்ற இலவங்கப் பழுப்புச் சதை. இந்த நடுச்சதையை நினைவில் வைத்திருங்கள். மனிதர்கள் இந்தக் காளானைத் தேடி அலைந்தது அதற்காகத்தான்.

மரத்தை உண்பது எளிதன்று

மரக்கட்டையைப் பொதுவாக எந்த உயிரும் உண்பதில்லை என்பதை நாம் வியப்பாகக் கருதுவதில்லை. கருத வேண்டும். கட்டையின் உலர்ந்த எடையில் 40 முதல் 50 விழுக்காடு செல்லுலோஸ். அதாவது, சர்க்கரை மூலக்கூறுகளைக் கோத்துக் கட்டிய நீண்ட சங்கிலி. இவ்வளவு சர்க்கரை எதிரே நின்றும் அதைத் தொட முடியாமல் காப்பது லிக்னின் என்ற மற்றொரு பொருள். வைக்கோல் கலந்து குழைத்து எழுப்பிய மண்சுவரை எண்ணிக்கொண்டால் இது எளிதாக விளங்கும். வைக்கோல் செல்லுலோஸ், அதைச் சுற்றி இறுகிய களிமண் லிக்னின். வைக்கோல் மட்டும் இருந்தால் மாடு தின்றுவிடும். சுவருக்குள் இருக்கும் வைக்கோலை மாடு தின்பதில்லை. கறையான்கூடத் தனியாக இதைச் சமாளிப்பதில்லை. நம் ஊரில் புற்று கட்டும் கறையான்கள் மரத்தையும் சருகையும் பக்குவப்படுத்தப் புற்றுக்குள் பூஞ்சையை வளர்க்கின்றன, அந்தப் பூஞ்சை வெளியே நீட்டும் காய்தான் நாம் விரும்பி உண்ணும் புற்றுக் காளான்.

லிக்னினைச் சிதைப்பதில் உள்ள சிக்கல், அதற்கு ஒழுங்கான அமைப்பு இல்லாததே. செல்லுலோஸ் ஒரே கண்ணி திரும்பத் திரும்ப வரும் சங்கிலி. ஒரு கண்ணியை வெட்டத் தெரிந்த நொதி எல்லாக் கண்ணிகளையும் வெட்டிவிடும். லிக்னினோ பல விதமான பிணைப்புகளால் தாறுமாறாக முடிச்சிட்ட வலை. ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு சாவி தேடிக்கொண்டிருந்தால் ஆகாது. குளம்புக் காளான் போன்றவை கையாளும் வழி வேறு: வலிய ஆக்சிசனேற்ற நொதிகளை இழை நுனியிலிருந்து வெளியே கசியவிட்டு, லிக்னினிலிருந்து எலக்ட்ரான்களைப் பறித்து, அதை நிலைகுலையச் செய்து, தானாக உடையும்படி விட்டுவிடுகின்றன. மண்சுவரைச் செங்கல் செங்கலாகப் பெயர்க்காமல், நனைத்துக் கரைப்பதற்கு இது ஒப்பு. இவ்வகை நொதிகளில் புகழ்பெற்ற லிக்னின் பெராக்சிடேஸ், 1983ஆம் ஆண்டில், வேறொரு மரச்சிதைப்புப் பூஞ்சையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. உணவு முழுவதையும் உடலுக்கு வெளியே செரித்துவிட்டு, கரைந்ததை மட்டும் இழைகள் உறிஞ்சிக்கொள்கின்றன. பூஞ்சைக்கு வயிறு என்பது அது நுழைந்திருக்கும் மரமேதான்.

லிக்னின் கரைந்ததும் கட்டை தன் பழுப்பு நிறத்தை இழந்து வெளிறுகிறது. ஆகவே இதற்கு வெள்ளழுகல் என்று பெயர். வெள்ளழுகல் கண்ட கட்டையைக் கையில் எடுத்தால் தக்கை போல எடையற்று இருக்கும். விரலால் அழுத்தினால் பஞ்சு போல அமுங்கும். பிய்த்தால் நார் நாராக வரும். குளம்புக் காளான் தாக்கிய மரத்தைப் பிளந்தால், விரிசல்களில் வெள்ளைத் தோல் போன்ற மைசீலியத் தகடுகள் படிந்திருப்பதையும், பூஞ்சைகள் தத்தம் எல்லையை வரைந்தது போல மெல்லிய கருங்கோடுகள் ஓடுவதையும் பார்க்கலாம்.

இதற்கு நேர்மாறான முறையும் உண்டு. அதே பிர்ச் மரத்தில் வளரும் பிர்ச் தட்டுக் காளான் என்ற இனம் செல்லுலோசை மட்டும் உருவிக்கொண்டு, லிக்னினைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறது. வைக்கோல் போன மண்சுவர் என்னாகும்? கட்டி கட்டியாக வெடிக்கும். பிர்ச் தட்டுக் காளான் உண்ட கட்டையும் அப்படியே, செம்பழுப்பு நிறக் கனசதுரத் துண்டுகளாக வெடித்து, விரலிடையில் பொடியாகிறது. இது பழுப்பழுகல். காட்டில் கிடக்கும் கட்டையைத் தொட்டுப் பார்த்தே, நாராக வருகிறதா, கட்டியாக உடைகிறதா என்பதைக் கொண்டு, எந்த வகைப் பூஞ்சை உள்ளே வேலை செய்தது என்று சொல்லிவிட முடியும். காளானின் பெயரை மனப்பாடம் செய்வதைக் காட்டிலும், இந்த ஒரு வேறுபாட்டைக் கற்றுக்கொள்வதே தொடக்கத்தில் பயன் தரும் என்பது என் கருத்து.

லிக்னினைச் சிதைக்கும் இந்தத் திறன் ஏறத்தாழ 29 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியிருக்கலாம் என்று, பல பூஞ்சைகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதற்கு முன் மரங்கள் அழுகாமல் குவிந்ததால்தான் நிலக்கரி உண்டானது என்ற கவர்ச்சியான கதையும் அதனுடன் சேர்ந்து பரவியது. நிலக்கரிப் படிவுகளுக்கு அக்காலத்து நிலவமைப்பும் தட்பவெப்பமுமே காரணம் என்று மறுத்தவர்களும் உண்டு. அவர்கள் வாதமே எனக்கு வலுவாகத் தோன்றுகிறது.

நோயா, துப்புரவா?

நலமான பட்டையைத் துளைத்துக்கொண்டு நுழையும் வலிமை குளம்புக் காளானின் வித்துக்குக் கிடையாது. ஒடிந்த கிளை, இடி தாக்கிய வடு, பனிச்சுமையால் கிழிந்த கவடு, கோடரிக் காயம் என ஏதாவது ஒரு வாசல் வேண்டும். உள்ளே நுழைந்த பிறகும், நீரோட்டம் நன்றாக உள்ள கட்டையில் காற்று போதாமல் பூஞ்சை வேகமாக வளர முடிவதில்லை. வறட்சியோ முதுமையோ வேறு நோயோ மரத்தை வாட்டி, கட்டை உலரத் தொடங்கும்போதே அதற்கு வாய்ப்புத் திறக்கிறது. எனவே இதை வலுவற்ற ஒட்டுண்ணி என்பார்கள். மரம் உயிரோடு இருக்கும்போது ஒட்டுண்ணியாகவும், பட்டபின் மட்குண்ணியாகவும் அது வாழ்கிறது. உணவு மாறுவதில்லை, நாம் சூட்டும் பெயர் மட்டுமே மாறுகிறது. அழுகல் முற்றிய மரம் வேரோடு சாய்வதைவிட, தண்டின் நடுவே முறிவதே மிகுதி. ஆளுயரத்துக்கு மேல் முறிந்து நிற்கும் மொட்டைத் தண்டும் அதில் அடுக்கடுக்காக நிற்கும் குளம்புகளும் வட ஐரோப்பியப் பிர்ச் காடுகளில் வழக்கமான காட்சி.

காய் வெளியே வருமுன் உடல் உள்ளே பரவிவிடும் என்று மேலே சொன்னது, தமிழ்நாட்டுத் தென்னை விவசாயிகள் நன்கறிந்த ஓர் உண்மையோடு பொருந்துகிறது. தென்னையில் அடித்தண்டழுகலை உண்டாக்கும் கேனோடெர்மாவும் தட்டுக் காளான் வகையே. 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் தஞ்சாவூர் மாவட்டத்தில் பரவலாகக் காணப்பட்டதால் அதற்குத் தஞ்சாவூர் வாடல் நோய் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடிவது முதலில் தெரியும். பளபளக்கும் தட்டுக் காளான் தண்டின் அடியில் முளைப்பது பெரும்பாலும் மரம் கைமீறிப் போன பிறகே. தட்டை வெட்டி எறிந்தால் நோய் தீர்ந்தது என்று எண்ணுவது, மாங்காயைப் பறித்துவிட்டு மாமரத்தை வெட்டியதாக எண்ணுவதுதான். குளம்புக் காளானும் கேனோடெர்மாவும் வெவ்வேறு இனங்கள்; வாழும் மரங்களும் வேறு. பழைய இலக்கணிகள் உள்ளே வைரமுள்ளதை மரம் என்றும் வெளியே வைரமுள்ளதைப் புல் என்றும் பிரித்தார்கள். அந்தக் கணக்கில் தென்னை புல், பீச் மரம். ஆனாலும் இரண்டிலும் பூஞ்சை நடந்துகொள்ளும் முறை ஒன்றே.

குளம்புக் காளானை நோய் என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. தோப்பில் அது நட்டம். காட்டில் அது இல்லாவிட்டால், விழுந்த மரங்களில் கட்டுண்ட சத்து மண்ணுக்குத் திரும்பாது. மென்மையாகிவிட்ட தண்டைக் குடைந்து மரங்கொத்திகள் பொந்து அமைக்கின்றன. பட்ட மரங்களையும் விழுந்த மரங்களையும் உடனுக்குடன் அப்புறப்படுத்திய ஐரோப்பியக் காடுகளில் இந்தக் காளான் அருகிப்போனது. 1970இல் தொடங்கப்பட்ட பவேரியக் காட்டுத் தேசியப் பூங்கா போல, விழுந்த மரத்தை விழுந்தபடியே விட்டுவைத்த இடங்களில் மீண்டும் பெருகியது.

நெருப்பை ஏந்திய சதை

ஃபோமெஸ், ஃபோமென்டேரியஸ் என்ற இரண்டு இலத்தீன் சொற்களுமே தீப்பற்றவைக்கும் பொருளைக் குறிப்பவை. ஸ்வீடன் நாட்டு இயற்கையியலர் லின்னேயஸ் 1753இல் இந்த இனத்துக்குப் பெயரிட்டபோதே அதன் பயன்பாடு கருதி அப்பெயரைச் சூட்டினார். அதே நாட்டின் பூஞ்சையியலர் எலியாஸ் ஃப்ரீஸ் 1849இல் ஃபோமெஸ் என்ற பேரினத்தில் இதைச் சேர்த்தார்.

சிக்கிமுக்கிக் கல்லில் இரும்பைத் தட்டிப் பொறி பறக்கவிடுவதைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். பொறி ஒரு கணத்தில் அணைந்துவிடும். அதை ஏந்திக்கொள்ளப் பஞ்சு வேண்டும். பஞ்சு விளையாத வட ஐரோப்பாவில் அந்தப் பஞ்சின் இடத்தைப் பிடித்தது குளம்புக் காளானின் நடுச்சதை. அதைச் செய்யும் முறை பொறுமையைக் கேட்பது. முதலில் ஓட்டைச் செதுக்கி, அடியிலுள்ள குழாய் அடுக்கையும் வெட்டி எறிந்து, நடுச்சதையை மட்டும் தகடுகளாகச் சீவ வேண்டும். பின்னர் அதை ஊறவைத்து, மரச் சுத்தியலால் நெடுநேரம் அடித்து, கையால் இழுத்து இழுத்து விரித்தால், கட்டியாக இருந்த சதை மெல்லிய துணி போலப் பரந்து வரும். வெடியுப்புக் கரைசலில் நனைத்து உலர்த்தினால் பொறியை இன்னும் விரைவாகப் பற்றும். இந்தப் பொருளுக்கு அமாடு என்று பெயர்.

அமாடு சுடர்விட்டு எரிவதில்லை. பொறி விழுந்த இடத்தில் சிறு செம்புள்ளி தோன்றி, ஊதுவத்தி நுனி போலக் கனன்றுகொண்டே மெல்ல மெல்லப் பரவும். நுண்ணிய இழைகளும் அவற்றிடையே காற்றும் நெருக்கமாகக் கலந்திருப்பதால், கனல் அணையாமல் இருக்கத் தேவையான காற்று உள்ளேயே கிடைத்துவிடுகிறது. அதே வேளையில் சுடராக எழும் அளவுக்குக் காற்றோட்டம் இருப்பதில்லை. எனவே நெருப்பைப் பற்றவைக்க மட்டுமல்லாமல், கனலை ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு எடுத்துச் செல்லவும் இது உதவியது.

இந்த வழக்கத்தின் தொன்மைக்கு உறுதியான சான்று, 1991 செப்டம்பர் 19 அன்று ஆல்ப்ஸ் மலையில், ஆஸ்திரிய–இத்தாலிய எல்லையருகே, கடல்மட்டத்துக்கு மேல் 3,210 மீட்டர் உயரத்தில் கிடைத்தது. உருகும் பனியிலிருந்து வெளிப்பட்ட, ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய ஆணின் உடல் அது. இன்று ஊட்ஸி என்ற பெயரில் அறியப்படுகிறார், இத்தாலியின் பொல்சானோ நகர அருங்காட்சியகத்தில் குளிரறையில் வைக்கப்பட்டிருக்கிறார். அவருடைய இடைவார்ப் பையில், பதப்படுத்திய குளம்புக் காளான் சதை கருநிறத் திரளாக இருந்தது; அதில் ஒட்டியிருந்த பைரைட் துகள்கள், அவர் எந்தக் கல்லைத் தட்டிப் பொறி எடுத்தார் என்பதையும் சொல்லிவிட்டன. அவரிடம் வேறொரு காளானும் இருந்தது: தோல் வாரில் கோத்த இரண்டு துண்டுகள். அது, முன்னர் பார்த்த, பழுப்பழுகலை உண்டாக்கும் பிர்ச் தட்டுக் காளான். அவர் குடலில் சாட்டைப்புழு முட்டைகள் காணப்பட்டதால், அதை மருந்தாக வைத்திருந்திருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒன்றை நெருப்புக்கும் மற்றொன்றை வேறு தேவைக்குமாகப் பிரித்துத் தனித்தனியே வைத்திருந்தது, இரண்டையும் அவர் தெளிவாக வேறுபடுத்தி அறிந்திருந்தார் என்பதைக் காட்டுகிறது. ஊட்ஸிக்கும் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய, இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள ஸ்டார் கார் என்ற வேட்டைக்காலக் குடியிருப்பிலும் குளம்புக் காளான்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன.

அமாடு நீரையும் நன்கு உறிஞ்சும். அதனால் அறுவை மருத்துவர்கள் குருதிக் கசிவை நிறுத்த அதைக் காயத்தில் வைத்து அழுத்தினார்கள். பல் மருத்துவர்கள் பல்லின் குழியை உலர்த்தப் பயன்படுத்தினார்கள். ஈ வடிவத் தூண்டிலால் மீன் பிடிப்பவர்கள், நனைந்த தூண்டிலை இரண்டு அமாடு துண்டுகளுக்கிடையே அழுத்தி இன்றும் உலர்த்துகிறார்கள். 1827இல் இங்கிலாந்தின் ஸ்டாக்டன் நகர மருந்துக்கடைக்காரர் ஜான் வாக்கர் உரசினால் பற்றும் தீக்குச்சியை விற்கத் தொடங்கியதும் அமாடு வாணிகத்தின் இறங்குமுகம் தொடங்கியது. ருமேனியாவின் திரான்சில்வேனியாவில் உள்ள கொரொண்டு என்ற சிற்றூரில் மட்டும், ஹங்கேரிய மொழி பேசும் சில குடும்பங்கள் இந்தச் சதையை அடித்து விரித்துத் தொப்பியும் பையும் செய்து விற்றுவருகின்றன. தையல் இல்லாமல், ஒரே காளான் துண்டை இழுத்து விரித்தே முழுத் தொப்பி செய்கிறார்கள் என்பதைப் பார்க்காமல் நம்புவது கடினம்.

பொருளறிவியலாளர்களும் அண்மையில் இதன் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். பின்லாந்து ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு, ஓடு, நடுச்சதை, குழாய் என்ற மூன்று அடுக்குகளும் ஒரே பூஞ்சை இழையால் ஆனவையாக இருந்தும், இழைகள் அமையும் திசையும் அடர்த்தியும் ஒட்டும் பொருளும் மாறுவதாலேயே ஒன்று கெட்டியாகவும் ஒன்று மெத்தென்றும் ஒன்று மரம் போல வலுவாகவும் ஆகின்றன என்று காட்டியது.

அடையாளம் காண்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஓட்டின் சிறு துண்டில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டால், ஃபோமென்டேரியால் என்ற நிறமிப் பொருள் காரணமாக அது குருதிச் சிவப்பாக மாறும். உருவத்தில் ஒத்திருக்கும் வேறு தட்டுக் காளான்கள் இப்படிச் சிவப்பதில்லை. கரைசல் தோலை அரிக்கும் என்பதால் கையுறை அவசியம். நீண்ட காலம் ஒரே இனம் என்று கருதப்பட்ட இது, மரபணு ஆய்வில் ஒன்றுக்கு மேற்பட்ட கிளைகளாகப் பிரிந்து தெரிகிறது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். தென் ஐரோப்பாவில் காணப்படும் கிளை இன்று ஃபோமெஸ் இன்சென்கே என்ற தனிப்பெயரால் வழங்குகிறது.

மரத்தில் உண்ண ஒன்றும் மிஞ்சாத நிலை வந்ததும் குளம்புகள் வளர்வதை நிறுத்திவிடுகின்றன. அப்போது போலிட்டோஃபேகஸ் ரெட்டிக்குலேட்டஸ் என்ற, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள கருவண்டு அவற்றைத் தேடி வருகிறது. அதன் புழுக்கள் ஓட்டுக்குள்ளேயே பிறந்து, குழாய்களையும் நடுச்சதையையும் குடைந்து தின்று, கூட்டுப்புழுவாகி, வண்டாகி வெளியேறுகின்றன. ஓட்டை மட்டும் அவை பெரும்பாலும் தொடுவதில்லை. ஆகவே வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்தக் குளம்பு இன்னும் முழுதாக, முன்போலவே கெட்டியாக ஒட்டியிருப்பதாகத் தோன்றும். கைவைத்து அசைத்தால் எடையே இல்லாமல் பெயர்ந்து வந்து, அடியிலுள்ள ஓட்டைகள் வழியே பழுப்புத் தூளைக் கொட்டும்.